பழ ஈயும் பதிற்றுப்பத்தும்

சென்ற ஆனி மாதத்தில் சித்தேரி மலைக்குப் போயிருந்தோம். நம்முடன் விலங்கியல் துறை நண்பர் ஒருவரும் மாணவர் சிலரும் வந்திருந்தனர். அரூர்ப் பக்கமிருந்து மேலேறும் சாலை, மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்களுக்கு இட்டுச் செல்கிறது. (மலையில் வாழ்வோர் என்பதே இங்கு அப்பெயரின் பொருள், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளலாகாது.) ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களுக்காகப் பலாப்பழம் ஒன்றைப் பிளந்து வைத்தார்கள். சுளையை எடுக்கும் முன்பே, எங்கிருந்து வந்தன என்று தெரியாதபடி, எள்ளளவுச் சிற்றீக்கள் பழத்தைச் சூழ்ந்துகொண்டன. நாம் கையால் ஓட்டிக்கொண்டிருந்தோம். நண்பரோ தண்ணீர்ப் புட்டியில் ஒரு சுளையைப் போட்டு, அவற்றை உள்ளே வரவழைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பாட்டி சிரித்தார்: “ஈயப் புடிக்கவா சாமி இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?”

மலையிறங்கும்போது நண்பர் அந்தப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். அறிவியல் தமிழ்த் தாளுக்காக நாம் ஆக்கிய பாடக்குறிப்பில் ஒரு பிழை இருக்கிறதாம். “உயிர்கள் அனைத்தின் குரோமோசோம் முனைகளிலும் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, டெலோமரேஸ் என்னும் நொதி அதனை நீட்டுகிறது” என்று எழுதியிருந்தோம். “இந்தப் புட்டிக்குள் இருப்பவற்றுக்கு அது பொருந்தாது, ஐயா. முனை என்ற ஒன்றை உலகுக்குக் காட்டியதே இவற்றின் இனந்தான். அப்படியிருந்தும் உங்கள் விதிக்கு இவை மட்டும் கட்டுப்படுவதில்லை” என்றார். நாம் ஐந்தாறு ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லிவந்த வாக்கியம் அது. தேர்வில் அதை எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் இட்டிருக்கிறோம். அன்றிலிருந்து சில திங்கள் இந்தப் பொருளைப் பற்றி நண்பரிடம் கேட்டும் நூல்களைத் தேடியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். திருத்தம் என்று கொண்டாலும் சரியே.

தமிழ் படித்தவர்க்கு இதை விளக்கப் பதிற்றுப்பத்தைவிட நல்ல உவமை அகப்படாது. சேர மன்னர் பதின்மர் மேல் பாடிய பத்துப் பத்துகளில் நமக்குக் கிடைத்தவை எட்டே. உ.வே.சாமிநாதையர் 1904-இல் பதிப்பித்தபோதும் முதற்பத்தும் பத்தாம் பத்தும் அகப்படவில்லை, இன்றும் அகப்படவில்லை. இழந்தவை நடுவிலுள்ள பத்துகள் அல்ல, இரு முனைகள். ஓலைச்சுவடியைக் கையாண்டவர்க்கு இது வியப்பாயிராது. செல்லும் ஈரமும் முதலில் தொடுவது வெளியேடுகளைத்தான். அதனால்தான் சுவடிக்கு இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். மற்றொன்றும் உண்டு. பெயர்த்தெழுதுவோர் கையில் வந்த சுவடியில் தொடக்கவேடு இல்லையென்றால் அவர் எழுதும் படியிலும் அது இராது. ஒரு தலைமுறையின் இழப்பு அடுத்த தலைமுறைக்கு மூலமாகிவிடுகிறது. முனையைக் காப்பது ஒரு வேலை, பெயர்த்தெழுதும்போது தேய்ந்ததை ஈடுசெய்வது வேறொரு வேலை. இவ்விரண்டையும் வாசகர் மனத்தில் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அறிவியலாளர்களே இவற்றைப் பிரித்தறிய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

*

ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்கர் 1927-இல் பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மரபுப் பண்புகளை மாற்றிக் காட்டியவர். 1946-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் வாழ்க்கை ஒரு நாவலுக்குரியது. பெர்லினுக்குப் போனார், அங்கே ஹிட்லர் வந்தார். சோவியத் நாட்டுக்குப் போனார். அங்கே லைசென்கோவின் கை ஓங்கியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இரத்தம் ஏற்றும் பணியில் சிலகாலம் இருந்துவிட்டு, எடின்பரோ நகரத்து விலங்கு மரபியல் நிலையத்தில் ஒதுங்கினார். எங்கே போனாலும் ஈக்கள் உடன் இருந்தன.

கதிர் பட்ட குரோமோசோம் துண்டுபடும். துண்டுகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். தலைகீழாகத் திரும்பி ஒட்டியவை, வேறொரு குரோமோசோமோடு மாறி ஒட்டியவை எனப் பலவற்றை முல்லர் கண்டார். ஒன்றை மட்டும் அவர் காணவில்லை. முனை அறவே போய், வெட்டுவாயே புதிய முனையாக நிலைத்து வாழும் குரோமோசோம் அவருக்கு அகப்படவில்லை. முனைத் துண்டு திரும்பி நடுவில் ஒட்டியதையும் அவர் காணவில்லை. வெட்டுவாய் வேறொரு வெட்டுவாயைத்தான் தேடுகிறது, இயல்பான முனை எதனோடும் ஒட்டுவதில்லை. ஆகவே முனையில் இருப்பது வெறும் நூலின் கடைசி இழையன்று, முனையை மூடி முத்திரையிடும் தனியுறுப்பு ஒன்று அங்கே இருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். முடிவு, பகுதி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்கு ‘டெலோமியர்’ என்று பெயரிட்டார். தமிழில் முனைக்கூறு எனலாம். கண்ணால் காணாத ஒன்றுக்கு, அது இல்லாதபோது நேர்வதைக் கொண்டே பெயரிட்டார். இல்லாமையிலிருந்து இருப்பை உணரும் இந்த வழி நம் தருக்க நூலார்க்கும் உவப்பாயிருக்கும்.

அந்தச் சொல் அச்சேறிய இடமும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் உட்ஸ் ஹோல் என்னும் கடற்கரை ஊரில் அறிவியலாளர்கள் கோடையில் கூடுவார்கள். அவர்களுக்காக வெளிவந்த ‘கலெக்டிங் நெட்’ என்ற சிறிய இதழில் 1938-இல் அவ்வுரை வெளியாயிற்று. சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் இதில் ஓர் அற்ப மகிழ்ச்சி கொள்வதில் தவறில்லை.

அதே ஆண்டுகளில் பார்பரா மெக்கிளின்டாக் அம்மையார் அமெரிக்காவில் மக்காச்சோளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். முறிந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி, செல் பிரியும்போது இழுபட்டு மறுபடி முறிந்து, மறுபடி ஒட்டுகிற ஓயாத சுழலை அவர் 1939-இல் விளக்கினார். சோளத்தின் கருவில் அதே முறிந்த முனைகள் ஆறிவிடுகின்றன என்பதையும் 1941-இல் காட்டினார். இவரே பின்னாளில் குரோமோசோமில் இடம்விட்டு இடம் பெயரும் ‘தாவும் மரபணுக்களை’க் கண்டறிந்தார். முறிந்த முனை பற்றிய ஆய்வே அவரைத் தாவும் மரபணு பற்றிய ஆய்வுக்கு இட்டுச் சென்றது. இரண்டும் ஓர் ஈயின் உடம்பில் ஒன்றாகப்போவதை யாரும் அன்று எண்ணியிருக்க முடியாது.

*

எடின்பரோவில் முல்லரிடம் முனைவர் பட்டத்துக்குப் பயின்றவர்களுள் வங்காளத்தவரான எஸ்.பி. ராய்சௌத்ரியும் ஒருவர். முனைகளை ஆராய்வது அவருக்கு வாய்த்த வேலையன்று. கதிரைக் குறைந்த வீரியத்தில் பலநாள் பாய்ச்சுவதும் மிகுந்த வீரியத்தில் சிறிதுநேரம் பாய்ச்சுவதும் ஈக்களில் ஒரே அளவு மரபுமாற்றத்தை விளைக்கின்றனவா என்பது அவருக்கு இடப்பட்ட வினா. மொத்தக் கதிரளவு ஒன்றாயின் விளைவும் ஒன்றே என்று கண்டார். சிறிது சிறிதாகப் பட்டால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கு அது மறுப்பாயிற்று. பின்னர் அவர் கல்கத்தாவிலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் குரோமோசோம் ஆய்வுக்கு ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கினார். காசியில் எஸ்.சி. லகோட்டியா போன்றோர் பல்லாண்டுகள் பழ ஈயைக் கொண்டே ஆய்ந்து பெயர் பெற்றனர்.

1939 ஆகஸ்டு இறுதியில் எடின்பரோவில் ஏழாவது உலக மரபியல் மாநாடு கூடியது. தலைமையேற்க வேண்டிய வாவிலோவ் வரவில்லை. சோவியத் அரசு விடவில்லை. மாநாடு முடிவதற்குள்ளாகவே பல நாட்டினர் அவசரமாக ஊர் திரும்பினார்கள். போர் மூண்டது. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அம்மாநாட்டுக்குச் சென்றிருந்த ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கவேண்டியதாயிற்று. சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர் அவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து கலப்பினம் ஆக்கியவர். போர்க்காலம் முழுதும் அங்கேயே குரோமோசோம்களை எண்ணி, டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் பயிரினக் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். முனைக்கூற்றின் வரலாற்றில் அவருக்கு நேரடி இடமில்லை. வலிந்து இடம் தேடவும் நாம் விரும்பவில்லை. ஆனால் டெலோமியர் என்ற சொல்லுக்கு ஒரு வயதே ஆகியிருந்தபோது, அதைப் படைத்தவர் பணிசெய்த ஊரில் கூடிய அவையில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதை நம் மாணவர்க்குச் சொல்லலாம் அல்லவா?

*

இரண்டாம் வேலை, அதாவது தேய்வை ஈடுசெய்தல், வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் 1953-இல் தெரிந்து, அது படியெடுக்கப்படும் முறையும் விளங்கிய பிறகுதான் சிக்கல் புலப்பட்டது. படியெடுக்கும் நொதி வெற்றிடத்தில் எழுதத் தொடங்காது. பற்றிக்கொள்ள ஒரு சிறு துண்டு முன்னதாக வேண்டும். பின் அத்துண்டு நீக்கப்படும். நடுவில் நீக்கிய இடங்களை நிரப்பிவிடலாம். கடைசி முனையில் நீக்கியதை நிரப்ப வழியில்லை. ஓலையை இடக்கையால் பற்றி எழுதுபவன், தன் கட்டைவிரல் மறைத்த இடத்தில் மட்டும் எழுதமுடியாமற் போவதைப் போன்றது இது. மாஸ்கோவில் அலெக்ஸி ஓலோவ்னிகோவ் இதை முதலில் உணர்ந்தார். சுரங்க ரயில் நிலையத்தில் நிற்கையில், வண்டி தான் நிற்கும் இடத்துக்கடியிலுள்ள தண்டவாளத்தைத் தொடமுடியாததைக் கண்டு எண்ணம் உதித்தது என்பார். 1971-இல் எழுதினார். அடுத்த ஆண்டு வாட்சனும் இதே சிக்கலைச் சுட்டினார்.

விடை ஈயிடமிருந்து வரவில்லை. குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒருசெல் உயிரியிடமிருந்து வந்தது. ஈக்கு நான்கு இணைக் குரோமோசோம்கள். ஆக, ஒரு செல்லுக்குப் பதினாறு முனைகள். டெட்ராஹைமீனாவின் பெரிய உட்கருவிலோ ஆயிரக்கணக்கான சிறு குரோமோசோம்கள் உண்டு. முனையைத் தேடுவோர்க்கு முனைகள் மலிந்த இடமே வசதி. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலிடம் பணிபுரிந்த எலிசபெத் பிளாக்பர்ன் 1978-இல் அதன் முனையைப் படித்தார். டி-டி-ஜி-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து, பல்லவி போல இருபது முதல் எழுபது முறை திரும்ப வந்தது. 1984 கிறிஸ்துமஸ் நாளன்று அவருடைய மாணவி கரோல் கிரைடர் அந்த எழுத்துகளைச் சேர்க்கும் நொதியின் தடயத்தைக் கண்டார். அதுவே டெலோமரேஸ். அது ஓர் ஆர்.என்.ஏ. வார்ப்பைத் தன்னுள்ளேயே சுமந்து திரிந்து, அதைப் பார்த்து முனையில் எழுதுகிறது. 1988-இல் மனிதனின் முனையும் படிக்கப்பட்டது, அங்கே டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. செடிகளிலும் ஓரெழுத்து மாற்றத்தோடு அதே பல்லவி. 2009-இல் பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாம் பாடக்குறிப்பில் எழுதிய வாக்கியம் இந்த வெற்றியின் பேரொலியில் பிறந்ததுதான்.

ஈயின் கதை இதற்குள் வேறு திசையில் போயிருந்தது. அதே ஜோசப் காலின் மாணவியான மேரி லூ பார்டியூ ஈயை விடவில்லை. முனைகள் இரண்டும் ஒட்டி வளையமாகிவிட்ட ஈக் குரோமோசோம் ஒன்று, தானே திறந்து மறுபடி நீண்டது. அதன் இரு புதிய முனைகளிலும் முன்பில்லாத டி.என்.ஏ. வந்து அமர்ந்திருப்பதை அவரும் டிராவர்ஸும் 1988-இல் காட்டினார்கள். அது ஆறெழுத்துப் பல்லவியாக இல்லை. ஏறத்தாழ ஆறாயிரம் எழுத்து நீளமுள்ள முழுப் பத்தி அது. ஹெட்-ஏ என்று அதற்குப் பெயர். 1993-இல் ராபர்ட் லெவிஸும் குழுவினரும் டார்ட் என்ற இன்னொன்றைக் கண்டனர்; 2004-இல் டாரே என்ற மூன்றாவதும் வந்தது. மூன்றும் தாவும் மரபணுக்கள். தம்மை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து மீண்டும் டி.என்.ஏ.யாக வேறிடத்தில் எழுதிக்கொள்ளும் வகையைச் சார்ந்தவை. இவற்றின் உறவினங்கள் குரோமோசோமின் நடுவில் கண்ட இடத்தில் புகுந்து மரபணுக்களைக் கெடுப்பவை. இவை மூன்று மட்டும் முனைக்கே போகின்றன, ஒன்றன்மேல் ஒன்றாக அங்கேயே அடுக்கிக்கொள்கின்றன. ஹெட்-ஏ ஆக்கும் புரதத்துக்கு முனையைத் தேடிப்போகத் தெரியும். ஆனால் ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. எழுதும் நொதி அதனிடம் இல்லை, டார்ட்டிடம் இருக்கிறது. குருடனும் முடவனும் சேர்ந்து நடந்த கதையாக, ஒன்று மற்றொன்றுக்கு உதவுகிறது என்று கருதப்படுகிறது.

எட்டுத்தொகையில் ஐந்து நூல்களின் தொடக்கத்தில் பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்து நிற்கிறது. மூலப் பாடல்களுக்குப் பிற்பட்டது அது, வேறொருவர் வாக்கு. ஆயினும் இன்று அது நூலின் உறுப்பு. அதை நீக்கிப் பதிப்பிப்பாரில்லை. ஈயின் முனையும் இத்தகையதே என்று நண்பரிடம் சொன்னோம். அவர் உடன்படவில்லை. “பெருந்தேவனார் ஒருமுறை பாடினார். இவை விடாமல் பாடிக்கொண்டிருக்கின்றன, ஐயா” என்றார். சரிதான்.

*

இப்போது முல்லரின் முடிவுக்கு வருவோம். முனையிழந்த குரோமோசோம் வாழாது என்பது அவர் கண்டது. 1984-இல் ஜேம்ஸ் மேசனும் உடனிருந்தோரும் மியூ-2 என்ற பிறழ்மரபணுவைக் கண்டனர். அப்பிறழ்வுடைய தாய் ஈக்களுக்குக் கதிர் பாய்ச்சினால், முனையறுந்த குரோமோசோம்கள் பிழைத்துவிடுகின்றன. அறுந்த வாயில் ஹெட்-ஏயும் இல்லை, டார்ட்டும் இல்லை. முனை என்ற தனி எழுத்து எதுவுமே இல்லை. இருந்தும் அக்குரோமோசோம் தலைமுறை தலைமுறையாக ஈயிலிருந்து ஈக்குச் செல்கிறது, எதனோடும் ஒட்டிக்கொள்வதில்லை. ஒன்று மட்டும் நடக்கிறது: ஒவ்வொரு தலைமுறையிலும் எழுபது முதல் எண்பது எழுத்துகள் தேய்கின்றன. மேசனும் ஹரால்ட் பீஸ்மனும் அதைப் பல ஆண்டுகள் அளந்தனர். ஓலோவ்னிகோவ் தாளில் கணக்கிட்டது ஈயின் உடம்பில் அப்படியே தெரிந்தது.

நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நல்ல வெப்பத்தில் ஈக்கு ஒரு தலைமுறை பத்து நாள். ஆண்டுக்கு முப்பத்தாறு தலைமுறை என்றால், ஆண்டில் ஏறத்தாழ 2,700 எழுத்துகள் போகும். ஒரே ஒரு ஹெட்-ஏ வந்தமர்ந்தால் எண்பது தலைமுறையின் தேய்மானம் ஈடாகிவிடும். டெலோமரேஸ் அன்றாடம் காசு காசாகச் சேர்க்கிற சிறுவாட்டுக்காரி போன்றது. ஈயோ எப்போதோ கிடைக்கும் பெருந்தொகையை நம்பிக் குடித்தனம் நடத்துகிறது. இரண்டு குடும்பமும் நடக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் முத்திரையிடும் வேலையை எது செய்கிறது? அந்த விடை 1998-க்குப் பின் ரோம் நகரத்தில் மௌரிசியோ கட்டியின் குழு முதலானோர் ஆய்வால் தெளிந்தது. எச்.பி.1, ஹோப் முதலிய புரதங்கள் குழுவாக முனையின்மேல் கவிந்துகொள்கின்றன. அங்கே எழுதியிருப்பது என்ன என்று அவை படித்துப்பார்ப்பதில்லை. முனையாக இருந்தால் போதும். இப்புரதங்களில் ஒன்று கெட்டாலும், ஹெட்-ஏ அடுக்கு முழுதாக இருக்கும்போதே குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிச் சங்கிலிபோல் நீள்கின்றன, செல் மடிகிறது. சுவடிக்கு மரச்சட்டம் வேறு, கூடுதல் ஏடு வேறு. முல்லர் கண்டது சட்டத்தை. பிளாக்பர்ன் கண்டது ஏட்டை. மனிதரிடம் சட்டம் அந்த ஆறெழுத்தைப் படித்தே வந்து பொருந்துவதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றிவிட்டது. ஈயைப் பாராதிருந்தால் அவற்றைப் பிரித்தறிய இன்னும் நெடுங்காலம் ஆகியிருக்கும். டெலோமியரை நீட்டினால் ஆயுள் நீளும் என்று மாத்திரை விற்போர் விளம்பரங்களில் இந்த வேறுபாடு வருவதேயில்லை. அவர்கள் பழ ஈயை ஒருமுறையாவது பார்த்திருக்கலாம்.

விதிவிலக்கு என்று ஈயை ஒதுக்கிவைக்கவும் முடியாது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் பெயர்போன ஊர்; நம் மாணவர் பலர் வீட்டில் தட்டில் புழு வளர்கிறது. அந்தப் பட்டுப்புழுவின் முனையை 1993-இல் ஜப்பானியர் படித்தார்கள். டி-டி-ஏ-ஜி-ஜி என்ற ஐந்தெழுத்துப் பல்லவி அங்கே இருக்கிறது. பூச்சிகள் பலவற்றுக்கும் இதுவே. ஆனால் அந்தப் பல்லவிக்கு நடுவே, குறித்த இடத்தில் மட்டும் தாவும் மரபணுக்கள் செருகிக்கொண்டுள்ளன. டெலோமரேஸின் செயலோ அதில் மிக மங்கல். குளத்து உயிரிக்கும் பழ ஈக்கும் நடுவழியில் நிற்பதுபோல் நிற்கிறது அது. கொசுவும் ஈயும் அடங்கிய பெருங்குடியின் முன்னோர் எக்காலத்திலோ டெலோமரேஸை இழந்தனர் என்றும், இழந்தபின் ஆளுக்கொரு வழி தேடிக்கொண்டனர் என்றும் இன்று கருதுகிறார்கள். இன்னும் ஒன்று. டெலோமரேஸும் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதியே. அதன் அமைப்பு ஹெட்-ஏ, டார்ட் வகையின் நொதிக்கு நெருங்கிய உறவு. எது எதிலிருந்து வந்தது, மூத்தது எது என்ற வழக்கு முடியவில்லை. நாம் ‘விதி’ என்று எழுதியதே ஒருகாலத்தில் தாவிவந்து தங்கிவிட்ட ஒன்றாகவும் இருக்கலாம்.

பாடக்குறிப்பில் ‘உயிர்கள் அனைத்தின்’ என்பதை ‘பெரும்பாலான உயிர்களின்’ என்று மாற்றி, கீழே பழ ஈக்கும் பட்டுப்புழுவுக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். பழைய குறிப்பைப் படித்துத் தேர்வெழுதிப் போய்விட்ட மாணவர்க்கு இதை எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. அவர்களில் சிலரேனும் இதைப் படிக்கக்கூடும். சித்தேரிப் புட்டியில் வந்த ஈக்கள் நண்பரின் ஆய்வுக்கூடத்தில் ரவையும் வெல்லமும் கலந்த கூழில் பெருகிவிட்டன. நாம் எழுதி முடிக்கும் இன்று ஒன்பதாம் தலைமுறை நடக்கிறது என்கிறார்.